கேரவனா, வாடகைக் காரா?

எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் மகாநாடு கூட்டாமல் தீர்மானமாவதில்லை. மிக்ஸி வாங்குவதற்கே மூன்று அமர்வுகள் நடந்தன. அப்படியிருக்க, பெங்களூரிலிருந்து லீவில் வந்த என் பையன், "அப்பா, ஒரு வண்டி எடுத்துக்கொண்டு எல்லோருமாக ஊர் சுற்றிவிட்டு வரலாம்" என்று ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தால் சும்மா விடுவோமா?

அவன் திட்டம் லேசுப்பட்டதல்ல. புதுச்சேரி என்பது ஒரே துண்டாக இருக்கும் ராஜ்யமா? இங்கே ஒரு துண்டு, தெற்கே காரைக்கால் ஒரு துண்டு, ஆந்திராவுக்குள் ஏனாம், மலையாளக் கரையில் மாஹே. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்தபோது நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்டு 16-ல். "பி.ஒய். 01 நாம், 02 காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம். வண்டி நம்பரில் பார்ப்பதோடு சரி. நாலையும் ஒரே பிரயாணத்தில் பார்த்தவர் நம் தெருவில் யாராவது உண்டா?" என்று கேட்டான்.

"படுக்க இடம்?" என்றேன் நான்.

"அதற்குத்தான் கேரவன்! உள்ளேயே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ்..."

கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "சினிமாக்காரர்கள் உட்காருகிற வண்டியா?"

"அதேதான் பாட்டி. பாத்ரூம்கூட உண்டு."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் கூடத்தில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று தயங்கினேன். "எழுதுப்பா, எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேர் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள்" என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.

அம்மா எண்பதை எட்டப் போகிறாள். முழங்கால்கள் இரண்டும் மடங்காது. சர்க்கரை வியாதி வேறு. மணிக்கொரு தரம் எழுந்து போக வேண்டும். 2019-ல் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். வழியில் இறங்க வேண்டி வந்துவிடுமே என்று முதல் நாள் ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். எங்கள் யாருக்கும் தெரியாது. போகும்போதும் குடிக்கவில்லை, வரும்போதும் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் குளிர் ஜுரம். சிறுநீரில் கிருமி என்று நாலு நாள் ஆஸ்பத்திரி. அதிலிருந்து யார் எங்கே கூப்பிட்டாலும், "நீங்கள் போய்வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிற ஒரே பதில்தான். எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? அது பாட்டுக்கு நூறு வருஷமாக நிற்கிறது.

அம்மா பிறந்த ஊர் காரைக்கால். அங்கே என் பெரியம்மா இருக்கிறாள், படுத்த படுக்கை. போன வருஷம் வரை இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் டெலிபோனில் ஒரு மணி நேரம் பேசுவார்கள். இப்போது பெரியம்மாவுக்குக் காது அறவே போய்விட்டது. டெலிபோன் எதற்கு ஆகும்?

ஆகையால், பையன் நாலு ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாலும் நான் ஒரே ஓர் ஊரைத்தான் நினைத்துக்கொண்டேன். கேரவன் ஆடம்பரமாக இருக்கலாம்; ஆனால் பாத்ரூம் கூடவே வருகிறதே!

எதிர்ப்பு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. "அடுப்பு இருக்கிறதாமே? இங்கே சமைப்பது போதாது என்று மாஹேக்குப் போயும் நான்தான் தோசை சுட வேண்டுமா?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். பையன் தான் சமைப்பதாக வாக்குக் கொடுத்தான். அவன் சமையலை நாங்கள் அறிவோம். அதனால் ஆட்சேபணை இன்னும் பலமாயிற்று.

இந்தக் கட்டத்தில் எதிர்வீட்டு 'மிசியே' வந்து சேர்ந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். துலூஸ் நகரத்துப் பக்கம் இருபது வருஷம் இருந்தவர். தெருவில் எந்த வழக்கானாலும் அவர்தான் அப்பீல் கோர்ட்டு.

"பிரான்சில் இதற்குக் கேம்பிங் கார் என்று பேர்" என்று ஆரம்பித்தார். "கிழவனும் கிழவியும் பென்ஷன் வாங்கிக்கொண்டு அதில்தான் சுற்றுவார்கள். ஆனால் அங்கே அநேக ஊர்களில் அதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருப்பான். நல்ல தண்ணீர் பிடிக்க ஒரு குழாய், அழுக்குத் தண்ணீர் விட ஒரு தொட்டி, கக்கூஸ் பெட்டியைக் கவிழ்க்க ஒரு குழி, கரண்டுக்கு ஒரு பிளக். வண்டி பெரிசா சின்னதா என்பதல்ல, ஐயா. அந்தக் குழி எங்கே இருக்கிறது? அதைக் கேளுங்கள்."

கேரளத்தில் 2021-ல் சர்க்கார் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை வகுத்து, வண்டி நிறுத்தித் தங்கும் இடங்களை ஏற்படுத்த முனைந்திருக்கிறது என்று பையன் எடுத்துவிட்டான். "மாஹே போகிற வழிக்கு அது சரி. காரைக்கால் போகிற வழிக்கு?" என்றார் மிசியே.

அவர் பேசப் பேச எனக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடம் போன நாளில் கடற்கரைப் பக்கம் திரை போட்ட வேன்கள் நிற்கும். தாடி வளர்த்த வெள்ளைக்காரர்கள் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, இரான், ஆப்கானிஸ்தான் எல்லாம் தாண்டித் தரை வழியாகவே வருவார்கள். 1979-ல் இரானில் புரட்சி, வருஷக் கடைசியில் ஆப்கானிஸ்தானத்துக்குள் சோவியத் படை. அந்தப் பாதை அடைபட்டது, வேன்களும் காணாமல் போயின. அதில் ஒன்றுக்குள் எட்டிப் பார்த்து, உள்ளே ஒரு கெட்டிலைக் கண்டு நான் அதிசயித்ததுண்டு. அந்தக் கெட்டில் ஆசைதான் இத்தனை வருஷம் கழித்து என்னை ஆட்டிவைத்ததோ என்னவோ!

எப்படியோ, பார்த்துவிடுவது என்று ஒரு கம்பெனிக்கு டெலிபோன் செய்தோம். நாளொன்றுக்கு ரூ. 18,000, டீசலும் டிரைவர் படியும் தனி. நான்கு துண்டுத் திட்டம் அந்த நிமிஷமே காரைக்கால் என்கிற ஒரே துண்டாகச் சுருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னார்கள்.

வந்தது. வந்தது என்றால், தெரு முனைவரை வந்தது. வைசியாள் வீதிக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. மாட்டு வண்டிக்கும் புஷ் வண்டிக்கும் அளவெடுத்துப் போட்ட தெரு. (புஷ் வண்டி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பிரெஞ்சில் 'பூஸ் பூஸ்', அதாவது 'தள்ளு தள்ளு'. பின்னாலிருந்து ஆள் தள்ளுவான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கையில் திருப்புகிற கம்பு. தள்ளுகிறவன் ஒருவன், திருப்புகிறவன் ஒருவன். எங்கள் வீட்டு நிர்வாகமும் ஏறக்குறைய அந்த முறையில்தான் நடக்கிறது.) கேபிள் டி.வி. கம்பிகள் குறுக்கே தாழ்வாகத் தொங்கின. டிரைவர் இறங்கி அண்ணாந்து பார்த்துவிட்டு, "சார், இதுக்கு மேல வராது" என்றார். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, நானும் பையனுமாகத் தெரு முனைக்குத் தூக்கிப் போனோம். தெருவே திண்ணையில் நின்று பார்த்தது.

முதல் படி தரையிலிருந்து முழங்கால் உயரம். இரண்டு பேர் தாங்கி ஏற்றினோம். உள்ளே நன்றாகத்தான் இருந்தது, கட்டில் மெத்தென்று இருந்தது, கெட்டில்கூட இருந்தது! அம்மா நேரே பாத்ரூம் கதவைத் திறந்தாள். பீரோ அளவு இடம். உள்ளே நுழைந்து, திரும்பி, உட்கார வேண்டும். முழங்கால் மடங்காதவள் எப்படித் திரும்புவாள்? ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் முயன்றாள். மூன்றாம் தரம் முயலவில்லை.

"வண்டி ஓடும்போது இதில் போகலாமாப்பா?" என்று டிரைவரைக் கேட்டாள்.

"கூடாதும்மா. ஓடுறப்ப எல்லாரும் பெல்ட் போட்டு உட்காரணும். ஓரமா நிறுத்துவேன், போயிட்டு வரலாம்."

"ராத்திரி எங்கே நிறுத்துவாய்?"

"ஏதாச்சும் ஓட்டல் காம்பவுண்டுல கேட்டு நிறுத்திக்கலாம்மா. கரண்டும் கொடுப்பாங்க."

"நீ எங்கே படுப்பாய்?"

"முன் சீட்டுலதாம்மா."

"இந்தப் பெட்டியை யார் கழுவுவது?"

டிரைவர் பதில் சொல்லாமல் சிரித்தார். அவர்தான் என்று புரிந்தது. அம்மா காரைக்காலில் சிறுமியாக இருந்த நாளில், கொல்லைப்புறச் சந்து வழியாக வாளியும் தகரமுமாக வந்து போன ஒரு பெண்மணியைப் பற்றி எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்மணிக்கு இவள் வயதில் ஒரு மகள். அந்த வேலையைச் சட்டம் 1993-ல் தடுத்து, போதாதென்று 2013-ல் மறுபடியும் தடுத்தது. "முன் சீட்டில் படுக்கிற பிள்ளை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குழி தேடி அலைய வேண்டாம். என்னை இறக்கிவிடுங்கள்" என்றாள் அம்மா.

ஓட்டல் காம்பவுண்டில் இடம் கேட்பதற்கு ஓட்டலில் அறையே எடுக்கலாமே என்று என் மனைவி சொன்னதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். அப்புறம் நான் மறந்துவிட்டேன் என்பாள்.

மத்தியானம் வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. நாலு மணிக்கு அம்மா பழைய டயரி ஒன்றையும் பென்சிலையும் எடுத்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "கடலூரில் உன் மாமியாரின் தங்கை வீடு. போன வருஷம் கீழேயே மேல்நாட்டுக் கக்கூஸ் வைத்துவிட்டாளாம். சிதம்பரத்தில் உன் சிநேகிதன், பாங்கிக்காரன். சீர்காழியில் என் நாத்தனார் பெண். இத்தனை வீடு இருக்க நமக்கு எதற்கு வண்டிக்குள் ஒரு வீடு?"

எனக்குச் சுரீரென்றது. ராமேசுவரத்துக்கு நடந்து போகிறவர்களுக்காக வழியெல்லாம் சத்திரம் கட்டிவைத்த சீமை இது. தஞ்சாவூர் சரபோஜி மன்னர் முத்தாம்பாளின் ஞாபகமாக ஒரத்தநாட்டில் கட்டிய சத்திரம் ஓர் அரண்மனை மாதிரி இருக்கும். அவ்வளவு ஏன், எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு திண்ணை வைத்தது வழிப்போக்கன் தலைசாய்க்கத்தானே! மற்ற இரண்டு வீடுகளுக்கும் டெலிபோன் செய்து கேட்டேன். ஒரு வீட்டில் வசதி மாடியில். அதற்கென்று மருந்துக் கடையில் மடக்குக் கமோடு நாற்காலி ஒன்று வாங்கினோம். ரூ. 1,900. காரின் டிக்கியில் அடங்கிவிடும்.

கார் எடுப்பதிலும் கொஞ்சம் சூட்சுமம் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் தம்முடைய சொந்தக் காரைக் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். மிசியே தடுத்துவிட்டார். வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு விடக் கூடாது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிப்பார். டிரைவரோடு வருகிற டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிப் போகிற வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டாக்ஸிக்குத் தினம் இத்தனை கிலோமீட்டருக்குக் குறையாமல் பணம் கட்ட வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் மீட்டர் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கொரு தரம் நிறுத்தச் சொன்னால் எந்த டிரைவர் முகம் சுளிக்க மாட்டார்? அவர் சுளிக்காவிட்டாலும், சுளிப்பாரே என்று அம்மா வாயைத் திறக்க மாட்டாள். பேரன் ஓட்டினால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே கறுப்புப் பலகை என்று முடிவாயிற்று. நாள் வாடகை ரூ. 2,400.

கடைக்கு அம்மாவையும் அழைத்துப் போய் மூன்று கார்களில் உட்கார வைத்துப் பார்த்தோம். ஒன்று பள்ளத்தில் இறங்குவது போல. ஒன்று பரண்மேல் ஏறுவது போல. மூன்றாவது பழைய மாடல், சின்னது. ஆனால் ஆசனம் சரியாக இடுப்பு உயரம். பின்பக்கமாக உட்கார்ந்து காலைத் திருப்பினால் போதும். பையன் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு கீறலையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டான். திருப்பிக் கொடுக்கும்போது தகராறு வராமல் இருக்க இது அவசியமாம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். காரைக்கால் சுமார் 130 கிலோமீட்டர். புதிய நாலுவழிச் சாலை சில இடங்களில் ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகிறது. எங்களுக்கோ ஊர்களுக்குள்தான் வேலை. கடலூரில் இட்லி, சிதம்பரத்தில் காப்பி, அதோடு பாங்கிக்காரனின் வீடு கட்டிய கதை. இறங்கும் வீடெல்லாம் அம்மா முதலில் உள்ளே போய்விட்டு வந்து, அப்புறம்தான் குசலம் விசாரித்தாள். எந்த வீட்டிலும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிதம்பரத்தில் அந்த வீட்டுப் பெரியவர், "நானும் இதற்காகத்தான் ஐந்து வருஷமாக எங்கும் போகவில்லை" என்று மெதுவாக என்னிடம் சொன்னார்.

கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது பின் சீட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "அந்தத் தண்ணீர் பாட்டிலை எடு."

என் மனைவி எடுத்துக் கொடுத்தாள். அம்மா அண்ணாந்து கடகடவென்று பாதி பாட்டிலைக் குடித்தாள். பையன் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினான்.

காரைக்கால் போய்ச் சேர மத்தியானம் ஒன்றரை ஆயிற்று. பெரியம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். "பஸ்ஸிலா வந்தே?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அக்காவின் உள்ளங்கையை விரித்து, விரலால் அதில் ஒரு வட்டம் போட்டாள். கார்ச் சக்கரமாம். பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "வாடகை எவ்வளவு?" என்று அதே குரலில் கேட்டாள். அப்புறம் எங்களை வெளியே போகச் சொன்னார்கள். கொள்ளுப் பேத்தியின் சிலேட்டுப் பலகை ஒன்று உள்ளே போயிற்று. சாயங்காலம் வரை பெரியம்மாவின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நடுநடுவே பலப்பம் கிறீச்சிடும் சப்தம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் காரைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மத்தியானச் சாப்பாடு ஆனதும் அம்மாவிடம் போய், "புறப்படலாமா?" என்றேன்.

"நீங்கள் போய் வண்டியைக் கொடுத்துவிடுங்கள்" என்றாள். "டிக்கியிலிருந்து அந்த நாற்காலியை மட்டும் இறக்கி வைத்துவிட்டுப் போ."