ஒரு கையொப்பம் தாமதித்தபோது

விஷ்ராந்த்வாடிக்கு நான் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ‘விஷ்ராந்தி’ என்றால் மராத்தியில் ஓய்வு. ஓய்வின் பெயரைத் தாங்கிய இவ்விடத்தில் நான் அதிகம் எண்ணியது விசா முடியும் நாள்களைத்தான்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். வந்த 14 நாள்களுக்குள் அயல்நாட்டவராகப் பதிந்துகொள்ள வேண்டும். அறை தந்த வீட்டுக்காரக் காக்கு என்னைப் பற்றி அப்போது ‘சி படிவம்’ அனுப்ப வேண்டியிருந்தது. ஆய்வு நீளும்போது விசாவையும் நீடிக்க வேண்டும். 2018 முதல் இவ்விண்ணப்பங்கள் இணையவழிக்கு மாறிவிட்டன. வரிசையில் நிற்கும் துன்பம் பெரிதும் குறைந்தது. ஆனால் பதிவேற்ற வேண்டிய கடிதத்தில் ஒருவர் கையொப்பமிட்டால்தான் அந்த இணையதளத்தாலும் பயன் உண்டு.

நூலகத்தில் அறிமுகமான ஐரோப்பியப் பெண்மணி ஒருவர் தம் இளமைக் காலத்தைச் சொன்னார். ஆறு மாதச் சுற்றுலா விசா முடியும் தறுவாயில் காத்மாண்டு செல்வாராம். புதிய விசாவுடன் சில நாள்களில் திரும்பிவிடுவாராம். 2009இன் இறுதியில், இரு வருகைகளுக்கிடையே இரண்டு மாத இடைவெளி வேண்டும் என்ற விதி வந்தது. 2012இல் பெரும்பாலானோருக்கு அது நீக்கப்பட்டது. எல்லையைத் தொட்டுத் திரும்பும் அந்த வழி மாணவர் விசாவுக்குப் பொருந்தாது. எங்களுக்குக் கல்வி நிறுவனத்தின் கடிதம் ஒன்றே வழி.

மூன்றாம் ஆண்டில் அக்கடிதம் தாமதமாயிற்று. கையொப்பமிட வேண்டியவர் கருத்தரங்கம் ஒன்றுக்காக வெளியூரில் இருந்தார். “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை, அது என் பிழை. விசா முடிய இரு நாள்கள் இருக்கையில் விண்ணப்பித்தேன். அது பரிசீலனையில் இருக்கும்போதே விசா காலாவதியாயிற்று.

அந்த ஆனி மாதத்தில் அம்மம்மா இறந்துபோனார்.

“வர ஏலுமோ பிள்ளை?” என்று அம்மா ஒருமுறைதான் கேட்டார். காலாவதியான விசாவுடன் வெளியேறத் தனி அனுமதி வேண்டும். திரும்பி வர யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்தில் புதிய விசாவுக்கு முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். பாதி எழுதிய ஆய்வேட்டை நினைத்து, “ஏலாது அம்மா” என்றேன். அச்சொல் இன்றும் என்னுள் கிடக்கிறது.

மறுநாள் ஞானேஸ்வரர் பல்லக்கு ஆளந்தியிலிருந்து விஷ்ராந்த்வாடி வழியாகப் புனே நோக்கிச் சென்றது. தாளமும் நாமமும் ஒலிக்க ஆயிரமாயிரம் வார்க்கரிகள் பண்டரிபுரத்துக்கு நடந்தார்கள். சாலையோரம் நின்று, கைப்பேசித் திரையில் அம்மம்மாவின் இறுதிச் சடங்கைப் பார்த்தேன். அருகில் நின்ற காக்கு ஒன்றும் கேட்காமல் என் தோளில் கை வைத்திருந்தார்.

பத்தொன்பது நாள்கள் கழித்து நீடிப்பு மின்னஞ்சலில் வந்தது. ஒரே பக்கம்.

இதை எவர்மீதும் குறை கூற எழுதவில்லை. அயல்நாட்டு மாணவர்களை நெறிப்படுத்தும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் மேசையில் கிடக்கும் அக்கடிதத்தை இன்றே ஒப்பமிட்டு அனுப்புங்கள். மாணவ நண்பர்களே, கூச்சப்படாமல் இரு மாதங்களுக்கு முன்பே கேளுங்கள். நான் கேட்காமல் இருந்துவிட்டேன்.