ஐந்து இடங்கள்

தமிழ் படித்தவர்களுக்குத் தரவரிசைச் சண்டை புதிதன்று. கபிலரா பரணரா, இளங்கோவா கம்பனா என்று வகுப்பறையில் தொடங்கி, விடுதித் தாழ்வாரத்தில் நள்ளிரவு வரை வாதாடியே முதுகலையை முடித்தவர்கள் நம்மில் பலர். சங்கப் பாடல்களில் கபிலர் பெயரில் மட்டும் 235 பாடல்கள் இருப்பதாகக் கணக்கு. குறுந்தொகையின் 40ஆம் பாடலைத் தந்தவருக்கோ அது ஒன்றுதான். இயற்பெயர்கூட எஞ்சாமல், பாட்டில் கையாண்ட உவமையாலேயே செம்புலப்பெயனீரார் என்று அறியப்படுகிறார். இருவரில் யார் பெரியவர்? நெடுங்காலம் குன்றாமல் பாடியதைப் பெரிதாகக் கொள்வோர் கபிலரைச் சொல்வர். ஒரே பாய்ச்சலில் தொட்ட உயரத்தைப் பெரிதாகக் கொள்வோர் மற்றவரைச் சொல்வர். கூடைப்பந்து ரசிகர்கள் ஜோர்டானா லெப்ரானா என்று மல்லுக்கு நிற்பதும் ஏறத்தாழ இதே வழக்குத்தான். சென்ற மே மாதம் ஏற்காட்டில் நான்கு நாட்கள் அவ்வழக்கை நடத்திப் பார்த்தபோது அது புரிந்தது.

நாங்கள் நால்வர், சேலத்துக் கல்லூரி ஒன்றில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பணியில் சேர்ந்தவர்கள். இருவர் தமிழ்த்துறை, ஒருவர் கணிதத்துறை, ஒருவர் உடற்கல்வி இயக்குநர் அம்மையார். விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்ததும் குடும்பங்களோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய், காப்பித் தோட்டத்தை ஒட்டிய வாடகை வீடொன்றில் தங்குவது பல ஆண்டுப் பழக்கம். வழக்கமாகப் பேச்சு புத்தகங்களைச் சுற்றி வரும். அம்முறை கையில் ஒரு வேலை இருந்தது. கல்லூரியின் பழைய கூடைப்பந்து ஆடுகளத்துக்குப் புதுத்தளம் போட்டிருந்தார்கள். அதை ஒட்டிய நீண்ட சுவரில் 'எல்லாக் காலத்திலும் தலைசிறந்த ஐவர்' என்ற தலைப்பில் ஓவியம் தீட்டுவதென்று முடிவாகி, ஐவர் யார் என்று எழுதிக் கையொப்பமிடும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்திருந்தது. மாணவர்கள் ஏற்கெனவே ஒரு பட்டியல் தந்திருந்தார்கள்: மைக்கேல் ஜோர்டான், லெப்ரான் ஜேம்ஸ், கோபி பிரயன்ட், ஷகீல் ஓ'நீல், ஸ்டீஃபன் கரி.

பட்டியலைப் பார்த்ததும் கணித நண்பர் சிரித்தார். "ஐந்து பேரும் யூடியூபில் கிடைப்பவர்கள். அதுதான் இவர்களுக்குப் பொதுவான தகுதி" என்றார். மற்றவற்றில் ஐவரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். ஜோர்டான் ஆறு முறை இறுதித் தொடருக்குப் போனார், ஆறிலும் வென்றார், ஆறிலும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. லெப்ரான் வென்ற வாகைகள் நான்குதான். ஆனால் 2003இல் நுழைந்தவர் இருபது பருவங்களைத் தாண்டியும் ஆடினார். 1984 முதல் கரீம் அப்துல் ஜப்பார் வசமிருந்த மொத்தப் புள்ளிச் சாதனையை 2023 பிப்ரவரி 7 அன்று கடந்தார். உச்சத்துக்கு ஒருவர், நீடிப்புக்கு ஒருவர். இதுவரை எங்கள் இலக்கிய அளவுகோல் நன்றாகவே வேலை செய்தது.

சிக்கல் பில் ரஸ்ஸலிடம் தொடங்கியது. 1957 முதல் 1969 வரையிலான பதின்மூன்று பருவங்களில் பதினொரு வாகைகள். கடைசி இரண்டை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து வென்றவர். ஆனால் அவருடைய சராசரி ஆட்டத்துக்குப் பதினைந்து புள்ளிகளே. புள்ளி ஒன்றையே பார்ப்பவர்களுக்கு அவர் நடுத்தர ஆட்டக்காரர். அவருடைய மேதைமை எதிரியின் எறிவைத் தடுப்பதில் இருந்தது. தடுத்த பந்தை வெளியே தட்டிவிடாமல் தன் அணியின் கைக்கே அனுப்புவாராம். அப்படி எத்தனை பந்துகளைத் தடுத்தார்? என்.பி.ஏ. அந்தக் கணக்கை எழுதத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். ரஸ்ஸல் அதற்கு நான்காண்டு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் எதில் ஒப்பற்றவரோ அதற்கு மட்டும் ஏட்டில் இடமில்லை.

வில்ட் சேம்பர்லின் கதை இன்னும் விசித்திரமானது. 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷி என்ற சிற்றூரில், நியூயார்க் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளிகள் எடுத்தார். பார்த்தவர்கள் 4,124 பேர். அந்த ஆட்டத்துக்குப் படச்சுருள் கிடையாது. கடைசிக் கால்பகுதியின் வானொலி வர்ணனை மட்டும் எஞ்சியிருக்கிறது. '100' என்று எழுதிய தாளை அவர் பிடித்துக்கொண்டிருக்கும் புகைப்படம் ஒன்றும் உண்டு. கோபி பிரயன்ட் 2006இல் எடுத்த 81 புள்ளிகளை எவரும் இன்று முழுதாகப் பார்க்கலாம். எங்கள் மாணவர்களுக்கு 81 உண்மை, 100 புராணம். ஆயினும் சேம்பர்லினைக் காப்பாற்ற அந்த எண்ணாவது இருக்கிறது. மதிப்பெண் எழுதுகோலோடு ஒருவர் அன்று மேசையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை மூடுபனி விலகாத வேளையில் ஏரிக்கரைச் சாலையில் நடந்தபோது, ஒரு பள்ளியின் வேலிக்கப்பால் கூடைப்பந்துக் கம்பங்கள் தெரிந்தன. ஏற்காட்டின் பள்ளிகளில் இந்த ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு செல்வாக்கு என்று ஒருவர் கேட்டதற்கு, அம்மையார் சாலையோரச் சரிவைக் கைகாட்டினார். இருபத்தெட்டு மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலம். ஒரு ஆடுகளத்துக்கு அவ்வளவுதான் வேண்டும். கிரிக்கெட் மைதானத்துக்கு மலையையே வெட்ட வேண்டியிருக்கும். இதற்கு ஒரு படிக்கட்டு அகலம் சமன்செய்தால் போதும். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இதை உருவாக்கியதே பனிக்காலத்தில் உள்ளரங்கில் அடைபட்ட மாணவர்களுக்காகத்தான். இடநெருக்கடியில் பிறந்த ஆட்டம். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்று தமிழகமெங்கும் பரவிய உடற்கல்வி ஆசிரியர்களின் வரிசையில் எங்கள் அம்மையாரும் ஒருவர்.

"ஆட்டம் பிறந்த இடத்திலிருந்து நம் ஊருக்கு இவ்வளவு நேரான வழி இருக்கிறது. பட்டியலில் மட்டும் நம்மவர் ஒருவர்கூட இல்லை" என்றார் அவர்.

கணித நண்பர் விடவில்லை. "இருக்கும் அளவுக்கு யார் ஆடினார்கள், மேடம்?" என்று கேட்டார். கேள்வி கடுமையானது, ஆனால் நியாயமற்றதன்று. இந்திய ஆடவர் அணி ஆசியப் போட்டியில் எட்டிய உயர்ந்த இடம் 1975இல் பாங்காக்கில் பெற்ற நான்காமிடம். ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே முறை, 1980 மாஸ்கோவில். ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோல்வி. அர்ஜுனா விருது பெற்ற குஷி ராம், குலாம் அப்பாஸ் முன்தசீர், அஜ்மீர் சிங் ஆகியோரின் பெயர்களை அம்மையார் சொன்னபோது எங்களுள் மூவருக்கு அவை முற்றிலும் புதியவை. அவர்களுடைய ஆட்டத்தைக் காட்ட எந்தக் காணொளியைத் தேடுவது? விருது பெற்ற ஆண்டு தெரிகிறது: 1967, 1970, 1982. அதற்கு மேல் சொல்லக் கிழவர்களின் நினைவு வேண்டும்.

அம்மையார் அப்போது தம்மைப் பற்றி ஒன்று சொன்னார். தொண்ணூறுகளில் பல்கலைக்கழக அணிக்காக மூன்றாண்டு ஆடியவர் அவர். அவருடைய மகள் இப்போது பள்ளி அணியில் ஆடுகிறாள். "ஒரு மேட்ச்சில் அதிகபட்சம் எத்தனை பாயின்ட் போட்டிருக்கிறாய் அம்மா?" என்று அவள் கேட்டபோது சொல்ல விடையில்லை. "முப்பதுக்கு மேல் என்று ஞாபகம். ஆனால் காட்ட ஒரு தாள் இல்லை." கூடைப்பந்தின் மதிப்பெண் தாள் நான்கு படிகளில் எழுதப்படுவது என்றும் விளக்கினார். வெள்ளை மூலப்படி, நீலம் போட்டியை நடத்துபவர்களுக்கு, இளஞ்சிவப்பு வென்ற அணிக்கு, மஞ்சள் தோற்ற அணிக்கு. "மஞ்சளை யார் பத்திரப்படுத்துவார்கள்? பேருந்து ஏறும்போதே கசக்கி எறிந்துவிடுவோம். சிவப்பையும் அப்படித்தான்."

அன்று மாலை அவர் தம் பட்டியலை வைத்தார். அதில் முதற்பெயர் லூசியா ஹாரிஸ். ஆடவர் கூடைப்பந்து 1936இலேயே ஒலிம்பிக்கில் நுழைந்துவிட்டது. மகளிருக்கு 1976 வரை காத்திருப்பு. அந்த மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதற்கூடையைப் போட்டவர் ஹாரிஸ். மறு ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் அணி அவரை என்.பி.ஏ. தேர்வில் முறைப்படி தேர்ந்தெடுத்தது. அவர் போகவில்லை, அப்போது கருவுற்றிருந்தார். அமெரிக்காவில் டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியது 1997இல். அவருடைய உச்சக்காலத்தில் அப்படியொரு களமே இல்லை. 2022 ஜனவரியில் அவர் மறைந்தார். அவரைப் பற்றிய குறும்படம் மார்ச்சில் ஆஸ்கர் பெற்றது.

அடுத்த இரு பெயர்கள் நம் பக்கத்தவை. தென்னக ரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ், ஆஸ்திரேலியக் கழகமொன்றில் ஆடியவர். 2011இல் மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வு ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டவர், இடம் கிடைக்கவில்லை. சென்னையின் அனிதா பால்துரை, ஒன்பது ஆசிய வாகையர் தொடர்களில் ஆடியவர். தாயான பின்னும் அணிக்குத் திரும்பி, 2017இல் பெங்களூருவில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை இந்தியா வென்றபோது தலைவியாக இருந்தவர். 2021இல் பத்மஸ்ரீ.

கணித நண்பர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்பு சொன்னார்: "தலைப்பில் 'எல்லாக் காலத்திலும் தலைசிறந்த' என்று எழுதிவிட்டு அனிதாவைப் போட்டால் அது பொய். பெண் பிள்ளைகளுக்கு ஊக்கம் வேண்டும் என்பதற்காகப் பொய் சொல்லலாமா? அவர்களுக்கே அது தெரியாதா? சலுகையில் கிடைத்த இடம் என்று அவர்களே சிரிப்பார்கள்."

இதற்கு எங்களில் எவராலும் உடனே மறுமொழி சொல்ல முடியவில்லை. ஒப்பிட முடியாதவற்றை ஒரே ஏணியில் நிறுத்தக்கூடாது என்பதை இலக்கிய வரலாறு கற்பித்தவர்கள் நாங்கள்; தாலாட்டுப் பாடியவளையும் காப்பியம் செய்தவனையும் ஒரே வரிசையில் வைத்து எண் போடுவதில்லை. ஆனால் அதே வரலாறு இன்னொன்றையும் காட்டுகிறது. எழுதி வைக்கப்பட்டது காப்பியம், தாலாட்டு எழுதப்படவில்லை. எழுதப்படாததை ஒப்பிட்டுத் தாழ்ந்தது என்று தீர்ப்புச் சொல்வது எப்படி? ரஸ்ஸலுக்கே அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியாதபோது, படமும் ஏடும் இல்லாமல் ஆடிய தலைமுறைகளுக்குச் சொல்ல நமக்கு ஏது உரிமை? 'எல்லாக் காலத்திலும்' என்ற தொடர் உண்மையில் 'எண்ணப்பட்ட காலத்தில், எண்ணப்பட்டவர்களுள்' என்றே பொருள்படும். நண்பர் கேட்ட நேர்மையை நண்பரின் தலைப்பிடமும் கேட்க வேண்டியிருந்தது. இதைச் சொன்னதும் அவர் சற்று யோசித்து, "அப்படியானால் தலைப்பை எடுத்துவிடுங்கள். எனக்கு மறுப்பில்லை" என்றார்.

தலைப்பு போயிற்று. அதன்பின் ஐவரைத் தேர்வது எளிதாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். சேர்வராயன் கோயில் வரை போய்வந்தும் முடியவில்லை. இறுதியில் கையொப்பமிட்ட ஐவர்: ரஸ்ஸல், ஜோர்டான், லெப்ரான், லூசியா ஹாரிஸ், அனிதா பால்துரை. கீதுவை விட்டதில் அம்மையாருக்கு இன்றும் வருத்தம். ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு வரித் தகவல் வேண்டும் என்று நண்பர் கேட்டுக்கொண்டார். ரஸ்ஸலின் கீழே உள்ளது அவர் எழுதியதே: 'வாகைகள்: 11. தடுத்த எறிவுகள்: கணக்கிடப்படவில்லை.'

ஜூனில் கல்லூரி திறந்ததும் மாணவர்கள் கோபி எங்கே என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் வாதமும் வலுவானதே. மலைக்கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் முதலாண்டு மாணவி ஒருத்தி, லூசியா ஹாரிஸ் என்பவர் யார் என்று கேட்டுவிட்டு, அவர் உயரம் எவ்வளவு என்று மட்டும் இருமுறை விசாரித்தாள். ஆறடி மூன்றங்குலம் என்றதும் முகம் சற்று வாடியது. அனிதாவின் படத்தைக் காட்டினோம்.

அம்மையாரின் அறையில் இப்போது ஒரு கோப்பு இருக்கிறது. ஆடவர், மகளிர் இரு அணிகளும் கல்லூரிகளுக்கிடையே ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தின் தாளும் அதில் சேர்கிறது. தாளில் புள்ளியும் தவறும்தான் பதிவாகும் என்பதால், தடுத்த எறிவுகளையும் பறித்த பந்துகளையும் குறிக்க மாணவர் இருவர் தனிக் குறிப்பேட்டோடு ஓரத்தில் உட்காருகிறார்கள். முறையைக் கற்றுக்கொடுத்தவர் கணித நண்பர். இதுவரை பதினொரு தாள்கள் சேர்ந்திருக்கின்றன. நான்கு இளஞ்சிவப்பு, ஏழு மஞ்சள்.