சீசன் ஆரம்பிச்சாச்சா?

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்று கேட்டால் முன்பெல்லாம் 'செட்' என்பார்கள். இப்போது 'ரன்' முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 600-க்கும் மேற்பட்ட பொருள்களை ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். எங்கள் தென்காசிப் பக்கம் வந்து கேட்டால் வேறொரு சொல்தான் முதல் பரிசு வாங்கும். சீசன்!

ஜூன் பிறந்தால் போதும். கடையத்தில் ஒரு மாமா இருக்கிறார் என்பது சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிடும். "மாமா, சீசன் ஆரம்பிச்சாச்சா?" உடம்பு எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான். எந்த சீசன் என்று நானும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளாவில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் காய்ந்து கிடக்கும்போது எங்களுக்கு மட்டும் குளுகுளு காற்றும் சாரலும். மெயினருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டும். மங்குஸ்தானும் ரம்புட்டானும் கடைக்கு வரும். இதெல்லாம் சேர்ந்த மூட்டைக்குப் பெயர்தான் சீசன்.

ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் இந்தச் சொல்லுக்கு வேறு கதை. ஒரு வருடத்துக்கு நான்கு சீசன். ஸ்பிரிங், சம்மர், ஆட்டம், விண்டர். இலையுதிர்காலத்தில் மரமெல்லாம் சிவந்து நிற்கும் படத்தைக் காட்டி, பனியே பார்க்காத பிள்ளைகளுக்கு அதை நடத்த வேண்டும். ஒரு வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு பையனிடம், "மொத்தம் எத்தனை சீசன்?" என்று கேட்டேன்.

"ரெண்டு சார்."

"என்னென்னலே?"

"குத்தாலம் சீசன், ஐயப்பன் சீசன்."

வகுப்பே சிரித்தது. அவன் அப்பாவுக்குக் குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. ஆனி, ஆடியில் ஒரு கூட்டம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் அருவியில் குளிக்க இறங்குகிற இன்னொரு கூட்டம். அந்த வீட்டில் ஸ்கூல் பீஸ், தீபாவளித் துணி, கடன் அடைப்பது எல்லாமே இந்த இரண்டையும் நம்பித்தான். அடுத்த பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்து, "ரெண்டுதான் சார், ஆனா கார், பிசானம்" என்றாள். அவள் வீட்டில் நெல் விவசாயம். ஜூனில் கார், அக்டோபர் வாக்கில் பிசானம். மூன்று கணக்கையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பக்கத்திலேயே தொல்காப்பியர் கணக்கையும் எழுதினேன்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு. காலம் ஒன்றுதான். அவரவர் பிழைப்பு அதை வெட்டிக்கொள்கிற விதம்தான் வேறு வேறு.

இந்தச் சொல்லின் பூர்வீகம் சுவையானது. இலத்தீனில் 'சாதியோ' என்றால் விதைப்பு. அது பழைய பிரெஞ்சில் 'செசோன்' ஆகி, ஆங்கிலத்தில் 'சீசன்' ஆனது. முதலில் விதைப்பு, பிறகு விதைக்கும் காலம், பிறகு எதற்கும் உரிய காலம். ஔவையார் ஆத்திசூடியில் பருவம் பார்த்துப் பயிர் செய்யச் சொன்னாரே, அந்தப் பருவத்துக்குப் பக்கத்து வீட்டுச் சொல் இது.

அங்கிருந்து இரண்டு கிளை பிரிகிறது.

ஒரு கிளை பக்குவத்தின் பக்கம் போகிறது. உரிய காலம் வந்தால் காய் பழுக்கும், பழுத்தால் ருசி வரும். அதனால் ருசி கூட்டுவதற்கும் ஆங்கிலத்தில் 'சீசன்' என்றே பெயர். வெள்ளைக்காரர் சமையல் புத்தகத்தில் இந்தச் சொல் வந்தால் உப்பும் மிளகுப் பொடியும். நம் ஊர்க்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதிய சமையல் புத்தகத்தில் 'சீசனிங்' என்று இருந்தால் கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை, அதாவது தாளிப்பு.

மரத்துக்கும் இதே சொல்தான். எங்கள் வீட்டுக்குக் கதவு செய்த ஆசாரி பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போகாதவர். "சீசன் ஆகாத மரத்துல கதவு போட்டா, ஆடிக் காத்துல ஒரு பேச்சு பேசும், சித்திரை வெயில்ல ஒரு பேச்சு பேசும் சார்" என்றார். ஈரம் போய், முறுக்கு அடங்கி, இனி வளைய மாட்டேன் என்று நிற்கிற மரம்தான் சீசன் ஆன மரம். எந்த அகராதியும் இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை.

புது இரும்புத் தோசைக்கல்லுக்கும் அதேதான். யூடியூபில் 'தோசைக்கல் சீசன் பண்ணுவது எப்படி' என்று வீடியோ போடுகிறார்கள். எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்துக் காய வைக்கிற இந்த வேலைக்கு என் அம்மா சொன்ன வார்த்தை 'கல்லைப் பழக்குவது'. கன்றுக்குட்டியைப் பழக்குவது மாதிரி கல்லையும் பழக்குவார்கள்! அனுபவம் முற்றிய ஆளையும் ஆங்கிலத்தில் 'சீசன்டு' என்பார்கள். நாம் பழுத்த அரசியல்வாதி என்போம், இல்லையென்றால் பழம் தின்று கொட்டை போட்டவர் என்போம். பழுப்பதும் பழகுவதும் அந்த ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கின்றன.

இன்னொரு கிளை, இத்தனை நாள் என்று வரையறுத்த காலம். கிரிக்கெட் சீசன், பிக் பாஸ் சீசன், ரயில்வே சீசன் டிக்கெட் எல்லாம் இந்தக் கிளை. சென்னைச் சங்கீதக்காரர்களுக்கு சீசன் என்றால் மார்கழிக் கச்சேரி. எங்கள் செங்கோட்டை ரயிலில் ஒரு நாள் காலை, கீழக்கடையத்தில் ஏறியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "சீசன் நேத்தோட முடிஞ்சிட்டு" என்று அலுத்துக்கொண்டார். எதிரே குடும்பத்தோடு குற்றாலத்துக்குப் போய்க்கொண்டிருந்த வெளியூர்க்காரர் பதறிப்போய், "ஐயையோ, தண்ணி நின்னுடுச்சா?" என்றார். மாதப் பாஸ் முடிந்ததைச் சொல்கிறார் என்று விளக்குவதற்குள் பாவூர்சத்திரம் வந்துவிட்டதா என்று தெரியாத அளவுக்குப் பெட்டியில் சிரிப்பு.

தமிழில் 'பருவம்' என்று சொன்னால் என்ன? அதுவும் லேசுப்பட்ட சொல் இல்லை. பருவமழை, பருவத் தேர்வு, பருவ வயது, பிள்ளைத்தமிழின் பத்துப் பருவம் என்று அதற்கும் நீளமான பட்டியல் உண்டு. ஆனால் "பருவம் ஆரம்பிச்சாச்சா?" என்று குற்றாலத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கடையத்து மாப்பிள்ளை பாரதியாரே, 'மெம்பர்' என்பதற்குத் தமிழ் தேடி அரை மணி நேரம் யோசித்து, ஒன்றும் மனசுக்குப் பொருந்தாமல், கடைசியில் 'மெம்பர்' என்றே எழுதிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்!

இந்தச் சொல்லின் முழு எடையும் எனக்குப் புரிந்தது 2020-ல். கொரோனாவால் அருவிகளில் குளிக்கத் தடை. சாரல் வழக்கம்போல வந்தது, அருவியில் தண்ணீரும் விழுந்தது. மெயினருவிக்கு முன்னால் ஆள் இல்லை. அன்றைக்கு 'ரெண்டு சீசன்' என்று சொன்ன பையன் இப்போது அப்பாவின் கடையை நடத்துகிறான். நலம் விசாரிக்கக் கூப்பிட்டேன். "தண்ணி நல்லா விழுது சார். சீசன்தான் இல்ல" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. கடை வாடகையும், கடனுக்கு வாங்கிப் போட்ட எண்ணெய் டின்னும் அந்த ஒரு வரிக்குள் இருந்தன. தண்ணீர் இருந்தும் சீசன் இல்லாமல் போக முடியும் என்பதை அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

அதே வாரம் என் தம்பி போன் பண்ணினான். "கிணத்துத் தண்ணிய நம்பி நாத்துப் பாவிட்டேன் அண்ணே" என்றான். வயலுக்கு ஊரடங்கு கிடையாதே. அவனுடைய சீசன் ஆரம்பித்திருந்தது. இலத்தீன்காரன் எந்த அர்த்தத்தில் அந்தச் சொல்லை உண்டாக்கினானோ, அதே அர்த்தத்தில்.

டிவியில் 'குற்றாலத்தில் சீசன் டல்' என்று ஒரு வரி ஓடும்போது வெளியூர்க்காரர்கள் டூர் தேதியைத் தள்ளிப் போடுவார்கள். அவர்களுக்கு அவ்வளவுதான். இங்கே அந்த வரிக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, கடைக்காரர் வட்டிக்கு வாங்கியது திரும்பாது. இன்னொன்று, 84 அடி ராமநதி அணையில் தண்ணீர் ஏறவில்லை, காருக்குக் கால்வாய் திறப்பது சந்தேகம். தம்பியைக் கேட்டால் சீசனை அடிக்கணக்கில்தான் சொல்வான். "நாப்பது அடி கூட இல்ல அண்ணே. போடவா வேண்டாமான்னு இருக்கு."

ஆனி வரப்போகிறது. மலை மேல் மேகம் இறங்கட்டும். குளிக்க வருகிறவர்கள் நன்றாக வரட்டும், வந்தவர்கள் பத்திரமாகத் திரும்பட்டும். சிப்ஸ் கடைக்கும் நாற்றங்காலுக்கும் சேர்த்தே சீசன் நன்றாக அமையட்டும்.

உங்கள் ஊரில் 'சீசன்' என்றால் முதலில் எது நினைவுக்கு வரும்? மாங்காயா, கல்யாணமா, கச்சேரியா, காய்ச்சலா? சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.