பெரியப்பாவின் பாட்டுப்பெட்டி

எமது வீட்டு முன்னறையில் ஒரு பாட்டுப்பெட்டி இருக்கிறது. பதுளை நகரில் இப்போது நாம் குடியிருக்கும் வீட்டைவிட அதற்கு வயது அதிகம். பசறைக்கு அப்பாலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலே டீமேக்கராக இருந்த எமது பெரியப்பா, 1963ஆம் ஆண்டில் கொழும்புக்குச் சென்று அதை வாங்கி வந்தார். இங்கிலாந்தில் செய்த பெட்டி, உள்ளே வால்வுகள், மூடியைத் திறந்தால் இசைத்தட்டைச் சுழற்றும் வட்டத்தட்டு, அதன் அருகே ஒரு கை, அந்தக் கையின் நுனியிலே ஊசியைத் தாங்கும் சிறு தலை. இத்தலையைக் கார்ட்ரிட்ஜ் என்று புத்தகங்களில் எழுதுவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் 'பிக்கப்' என்றுதான் பெயர். வாசகர்களுக்கு நாம் சொல்லவந்தது கட்டைவிரல் நுனியளவேயான இந்தப் பிக்கப்பின் கதை.

அக்காலத்திலே லயங்களில் மின்சாரம் கிடையாது. தொழிற்சாலை இயந்திரத்திலிருந்து உத்தியோகத்தர் வீடுகளுக்கு மட்டும் மாலையிலே சில மணி நேரம் விளக்கெரியும். ஞாயிற்றுக்கிழமை விளக்கு வந்ததும் பெரியப்பா பெட்டியைத் தூக்கி வந்து திண்ணையில் வைப்பார். லயத்துச் சனங்கள் முற்றத்தில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பார்கள். தியாகராஜ பாகவதரும், கே. பி. சுந்தராம்பாளும், பின்வந்த சௌந்தரராஜனும் சுசீலாவும் அந்தக் குளிரிலே பாடுவார்கள். பெரும்பாலானவை நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகள். மேல்நாடுகளில் இவை மறைந்துகொண்டிருந்த 1960களிலும் இந்தியாவிலிருந்து புதிதாக வந்துகொண்டேயிருந்தன. ஒரு பக்கம் மூன்று நிமிடம் பாடும், அவ்வளவுதான். பக்கத்தைத் திருப்பிப்போடும் உரிமை பெரியப்பாவின் மகளாகிய அக்காவுக்கு உண்டு; எமக்கு இல்லை. பத்து வயதிலே அந்த உரிமையைச் சற்று அவசரமாகப் பயன்படுத்தி, பாகவதர் தட்டொன்றிலே குறுக்காக ஒரு கீறல் போட்டுவிட்டாள். அன்று முதல் அந்த இடத்துக்கு வந்ததும் ஊசி முன்சுற்றுக்கே திரும்பிவிடும். பாகவதர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார். அக்கா ஓடிவந்து பெட்டியின் ஓரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். பாட்டு மேலே செல்லும்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தைப் பள்ளி மாணவரும் அறிவர். நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதிப் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு என்பது அதன் சாரம். இந்தப் பெரிய கணக்கு எமது வீட்டுக்குள் வந்தபோது மிகச் சிறியதாயிற்று: பெரியப்பா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார், அப்பா இலங்கைக்கு விண்ணப்பித்தார். 1973இல் பெரியப்பா குடும்பம் பதுளையில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலேறியது. நீலகிரியிலே 'தாயகம் திரும்பியோர்' என்று அவர்களை அழைத்தார்கள். பெரியப்பா பிறந்ததோ பண்டாரவளையில்.

பெட்டியைக் கொண்டுபோனால் வழியிலே வால்வுகள் நொறுங்கிவிடும் என்று அவர் அதை அப்பாவிடம் விட்டுச் சென்றார். "ஈரம் படாம பாத்துக்க" என்பதே கடைசியாகச் சொன்னது. டீமேக்கர் அல்லவா, ஈரத்தின் பகைமை அவருக்குத் தெரியும். பெட்டிக்குள் எப்போதும் வறுத்த அரிசியை ஒரு துணியில் முடிந்து வைத்திருப்பார். அம்முடிச்சை அப்பா சில காலம் மாற்றி வந்தார். அவர் காலத்துக்குப் பின் நாம் மறந்தோம். பதுளையின் மார்கழி மழையோ எவருடைய மறதிக்காகவும் நிற்பதில்லை. பாட்டு ஆண்டுக்காண்டு மெலிந்து, 2021இல் ஓரிரவு அடியோடு நின்றது.

அதைப்பற்றி நாம் பெரிதாகக் கவலைப்பட்டதாகச் சொன்னால் பொய்யாகும். அடுத்த ஆண்டு நாட்டிலே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலம். பாட்டுப்பெட்டியை யார் நினைத்தார்கள்? 2024ஆம் ஆண்டு மே மாதம் கோத்தகிரியிலிருந்து அக்கா தொலைபேசியில் பேசினாள். ஐம்பத்தோராண்டுக்குப் பின் ஓகஸ்டில் ஊர் பார்க்க வரப்போவதாகச் சொன்னாள். தோட்டத்தைக் கேட்டாள், துன்ஹிந்த அருவியைக் கேட்டாள், பின்னர், "தம்பி, அப்பா பெட்டி இன்னும் பாடுதா?" என்றாள். "பாடுகிறது அக்கா" என்று சொல்லிவிட்டோம். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு பிள்ளைகளுக்கு உண்மை பேசப் போதித்தவர் நாம்.

பொய்யை மெய்யாக்க மூன்று மாதம் இருந்தது. முதலிலே ஒரு கடைக்குக் கொண்டுபோனோம்; பெயர் வேண்டாம். அங்கிருந்த இளைஞர் பிக்கப்பைக் கழற்றாமலே அதன் கம்பிகளுக்கு ஈயம் வைத்தார். முன்பு முணுமுணுப்பாவது கேட்டிருந்தது; அதன்பின் அதுவுமில்லை. "இதை வீசிவிட்டுப் புதிய பெட்டி வாங்குங்கள், கைப்பெட்டி மாதிரி அழகாக வருகிறது" என்றார். எமது மனைவிக்கும் அதுவே கருத்து. விலையைப் பார்த்தால் தவறான யோசனையன்று.

பின்னர் ஒருவர் சொல்லக் கேட்டு, பழைய வானொலிகள் திருத்தும் ஒரு நானாவிடம் சென்றோம். எழுபதைத் தாண்டியவர். 1970க்கும் 1977க்கும் இடையே வெளிநாட்டுச் சாமான்கள் வருவது அருகிப்போன காலத்திலே தொழில் பழகியவர். 'இல்லாத சாமானை இருக்கிற சாமானால் செய்' என்பதே அக்காலத்துப் பாடம். பிக்கப்பைக் கழற்றி, மெல்லிய தகட்டினால் அதன் மூடியை நெம்பித் திறந்து எம்மிடம் காட்டினார். உள்ளே, தீப்பெட்டிக் குச்சியின் பாதியளவு இருக்கவேண்டிய ஒரு பட்டைக்குப் பதிலாக, வெண்மையான பிசுபிசுப்புத்தான் இருந்தது.

"உப்பு, சேர். கரைஞ்சு போச்சு" என்றார்.

உண்மையாகவே உப்புத்தான். பதினேழாம் நூற்றாண்டிலே, பிரான்சின் லா ரொஷெல் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஆக்கிய ரொஷெல் உப்பு அது. நெடுங்காலம் பேதி மருந்தாகப் பயன்பட்டது. பியேர் கியூரியும் அவருடைய தமையனார் ழாக்கும் 1880இல், சில படிகங்களை அமுக்கினால் அவற்றில் மின்சாரம் தோன்றுகிறது என்று கண்டார்கள். அவற்றுள் இவ்வுப்பும் ஒன்று. பிக்கப்பிலே நடப்பது இதுவே. தட்டின் வரியிலே ஊசி நடுங்குகிறது. அந்நடுக்கம் உப்புப் பட்டையை முறுக்குகிறது. முறுக்கத்துக்கு ஏற்ப மின்சாரம் பிறந்து வால்வுக்குப் போகிறது. இவ்வளவு நுண்ணிய பொருளுக்கு இரண்டு பகை: ஈரமும் சூடும். 55 பாகை வெப்பத்திலேயே அது கெட்டுவிடும். மழையிலே தப்பியிருந்த சிறுதுண்டை அந்த இளைஞரின் ஈயக்கோல் முடித்துவைத்தது என்று அப்போதுதான் விளங்கியது. அரிசி முடிச்சின் அருமையும் விளங்கியது.

புதிய பிக்கப் ஒன்றை வாங்கி மாட்டினால் என்ன என்று கேட்டோம். நானா சிரித்தார். இக்காலத்து நல்ல பிக்கப்புகள் காந்தத்தால் இயங்குபவை. அவை தட்டின்மேல் இரண்டு கிராம் அளவே பாரம் வைக்கும். எமது பழைய கையோ எட்டு, பத்துக் கிராம் அழுத்தும். உப்புப் பட்டை ஒரு வோல்ற்று வரை தரும். காந்தம் தருவது அதில் ஆயிரத்தில் சில பங்கு. ஆகவே புதிய தலைக்குப் புதிய கை வேண்டும். புதிய கைக்கு இன்னொரு பெருக்கி வேண்டும். "அப்புறம் சேர் வீட்டுல நிக்கிறது வேற பெட்டி. பலகை மட்டுந்தான் பழசு" என்றார்.

மேல்நாடுகளிலே விலையுயர்ந்த பிக்கப்புகளின் தேய்ந்த முனையை மாற்றிப் புதுப்பித்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டோர் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஷுவர் நிறுவனம் 2018இல் பிக்கப் செய்வதையே கைவிட்டபோதும், அதன் பழைய பிக்கப்புகளுக்கு யப்பானிலிருந்து ஊசி வருகிறது. செய்வது ஜிக்கோ என்னும் நிறுவனம். 1873இல் தையலூசி செய்யத் தொடங்கியது! ஆனால் எமது பிக்கப் விலையுயர்ந்ததன்று. அதைத் தபாலில் அனுப்பினால் அவர்களே நகைப்பார்கள். நானாவின் மேசையிலேயே அது உயிர்பெற வேண்டியிருந்தது.

செய்த விதம் இது. எம்மை வாங்கச் சொன்னார்களே, அந்தப் புதிய கைப்பெட்டிகளில் வரும் மலிவான பிக்கப் ஒன்றைத் தனியாக வாங்கினார். அதனுள்ளே இருப்பது உப்பன்று. சுட்ட மட்பாண்டம் போன்ற ஒருவகைப் பட்டை. இரண்டாம் உலக யுத்தக் காலத்து ஆராய்ச்சியிலே பிறந்த இனம். அமுக்கினால் இதுவும் மின்சாரம் தரும், ஈரத்துக்கு அஞ்சாது. அதைப் பிரித்தெடுத்துப் பழைய கூட்டின் அளவுக்குப் பொருத்தினார். பட்டையைத் தாங்கிய இறப்பர் மெத்தைகள் கல்லாக இறுகியிருந்தன. சைக்கிள் வால்வு டியூபை நறுக்கி அவற்றைச் செய்தார். முதல் மெத்தை இறுக்கமாகிவிட்டது. பாட்டு மூக்கால் வந்தது. இரண்டாவது தளர்ந்து இரைந்தது. மூன்றாவதற்கு ஒரு கிழமை சென்றது. நாம் நாள்தோறும் போய் நின்றதை அவர் விரும்பவில்லை என்று நினைக்கிறோம்.

ஊசி வேறு விவகாரம். திருப்பிப் போடக்கூடிய ஊசி அது: ஒருபுறம் 78 தட்டுக்கு, மறுபுறம் பின்வந்த நீளத்தட்டுக்கு. 78க்கான முனையின் பருமன் மில்லிமீற்றரில் நூற்றில் ஏழெட்டுப் பங்கு; மற்றது அதில் மூன்றிலொன்று. நுண்வரியில் தடித்த முனையை வைத்தால் பாட்டு குழம்பும். அகன்ற வரியில் மெல்லிய முனையை வைத்தால் அது அடியிலே அலைந்து குப்பையை வாரும். இரண்டுமே நீலக்கல் முனைகள். இரண்டுமே தேய்ந்து தட்டையாகிவிட்டன. இரத்தினபுரி இருக்கும் நாட்டிலே நீலக்கல்லுக்கு வெளிநாட்டை எதிர்பார்ப்பதா என்று கேட்கத் தோன்றும். ஊசிக்கு வைப்பது செயற்கைக் கல்; நம் மண்ணின் கல் அதற்கு வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து ஊசி வந்துசேர ஜூலை முடிந்துவிட்டது. எல்லாம் கூட்டிப் பார்த்தபோது செலவு, புதிய பெட்டியின் விலையில் பாதியைத் தாண்டியது. மனைவியிடம் நாம் சொன்னது பாதி என்று.

பெட்டி பாடியது. முன்னைப்போல் உரக்கவன்று, உப்பு தந்த வலுவை இந்தப் பட்டை தராது, ஒலித்திருகியை முக்கால்வாசி திருப்பவேண்டும். கீழ்க்குரல் சற்று மெலிவு. ஆனாலும் அதே கை, அதே கூடு. கடைசியாக நானா பாகவதர் தட்டையும் போட்டுப் பார்த்தார். கீறலில் ஊசி திரும்பியது. "கையில ஒரு சல்லிக்காசு பாரம் வெச்சா தாண்டிப் போயிரும், வெக்கவா?" என்றார். வேண்டாம் என்றோம்.

ஓகஸ்டில் அக்கா உடரட்ட மெனிக்கேயிலே வந்திறங்கினாள். தெமோதரையில் பாதை தன்னடியிலேயே சுற்றி வரும் இடத்தைப் பார்க்க யன்னலோரம் கிடைத்ததா என்று கேட்டோம். கண்ணாடி மறைத்துவிட்டது என்றாள். கண்ணாடியை அல்ல, கண்ணைச் சொன்னாள் என்பது பிறகே விளங்கியது. பெரியப்பா காலமாகிப் பல ஆண்டு. அக்காவுக்கு வயது அறுபத்தைந்து. தேநீர் குடித்தாள். மனைவியின் வடையைப் புகழ்ந்தாள். பெட்டியை மட்டும் பார்க்கவேயில்லை.

இரவு உணவுக்குப்பின் மூடியைத் திறந்து அந்தத் தட்டை வைத்தோம். உள்ளே புதிய அரிசி முடிச்சு இருப்பதைக் கண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டாள். பாகவதர் தொடங்கினார். ஏறத்தாழ ஒரு நிமிடம் சென்றிருக்கும். கீறல் இன்னும் வரவில்லை. நாமும் அதை மறந்திருந்தோம். அக்காவின் விரல் மட்டும் எழுந்து, பெட்டியின் ஓரத்துக்கு மேலே போய் நின்றது.