முகம் தீட்டாத கடிகாரங்கள்

கைக்கடிகாரம் சேகரிப்போர் என்றதும், விலையுயர்ந்த ஸ்விட்சர்லாந்துப் பொன் கடிகாரங்களை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துப் பூரிக்கும் செல்வந்தர்களே பலரின் நினைவுக்கு வருகின்றனர். அவர்களோடு நமக்கு யாதொரு வழக்கும் இல்லை. நாம் தேடித் திரிபவை வேறு. பள்ளி ஆசிரியர், தபால்காரர், இரயில்வே எழுத்தர், கடைக் கணக்கர் ஆகியோரின் மணிக்கட்டுகளில் ஓடிக் களைத்து, அலமாரி மூலையில் உறங்கி, முடிவில் பழைய சாமான் வியாபாரியின் தகரப் பெட்டியில் விழுந்துவிட்ட எளிய கடிகாரங்கள் அவை. அவற்றுக்கு மதிப்பில்லை என்று சொன்னவர்களே இன்று அவற்றைக் கெடுக்கவும் துணை போகின்றனர் என்பதுதான் நம் மனத்தாங்கல்.

1953-இல் பெங்களூரில் இயந்திரங்கள் செய்வதற்காகத் தோன்றிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுறவு கொண்டு கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிற்று. எச்.எம்.டி. என்ற மூன்றெழுத்தை அறியாத வீடு அக்காலத்தில் நம்மிடையே அரிது. தேர்வில் தேறிய பிள்ளைக்கும் கல்யாண மாப்பிள்ளைக்கும் அதுவே பரிசு. அதன் ‘ஜனதா’ என்னும் மாதிரி, சாவி கொடுத்து ஓடும் எளிய பொறி. வெள்ளை முகப்பு, மெல்லிய முட்கள், உள்ளே உராய்வைக் குறைக்கச் செயற்கை மாணிக்கத்தில் 17 கற்கள். முகப்பின் கீழே ‘பாராஷாக்’ என்று ஒரு சொல் காணப்படும். கீழே விழுந்தாலும் நுண்ணிய அச்சு முறியாதபடி தாங்கும் ஏற்பாட்டின் பெயர் அது.

இந்தப் பொறியின் உழைப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அதன் ஊசற்சக்கரம் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது; ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்புகள். இவ்வளவு துடித்து, நாளொன்றுக்கு ஒரு நிமிடம் பிந்தினால், ‘நேரம் காட்டாத கடிகாரம்’ என்று நாம் அதைப் பழிக்கிறோம். கணக்கிட்டால் அப்பிழை 1,440-இல் ஒரு பங்கு. நம் அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் எத்தனை பேர் அவ்வளவு நேர்த்தியாக இருக்கிறோம் என்று கேட்க ஆசைதான், கேட்காமல் விடுகிறோம்.

அந்நிறுவனத்தின் படைப்புகளில் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது, சேகரிப்போர் மிகுதியாகப் போட்டியிடும் கறுப்பு முகப்பு ‘பைலட்’ அன்று; பார்வையற்றோருக்கான பிரெயில் கடிகாரமே. அதன் கண்ணாடி மூடி கதவு போலத் திறக்கும். எண்களுக்குப் பதிலாக முகப்பில் புடைத்த புள்ளிகள் இருக்கும். விரல் பட்டாலும் அசையாத உறுதியான முட்கள். விரல் நுனியால் தடவி மணி அறிந்து, பிறரைக் கேட்காமல் பள்ளிவாசலுக்குப் புறப்பட ஒருவருக்கு உதவும் பொருளைவிட, ஆகாய விமானியின் பெயர் தாங்கிய பொருள் எவ்வகையில் உயர்ந்ததென்று நமக்கு விளங்கவில்லை.

காலம் வேறு திசையில் திரும்பிற்று. 1969-இல் ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பரவலாக உள்ள குவார்ட்ஸ் கடிகாரங்களில் நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு படிகத்தோடு, நொடிக்கு ஐந்தே முறை துடிக்கும் சக்கரம் எங்ஙனம் போட்டியிடும்? 1987-இல் டைட்டன் கடிகாரங்கள் கடைகளுக்கு வந்தன. ஓசூரில் அவற்றுக்குத் தொழிற்சாலை எழுந்தது. எச்.எம்.டி. மெல்ல மெல்லத் தளர்ந்தது. 2016-இல் மத்திய அமைச்சரவைக் குழு அதன் கடிகாரப் பிரிவையும், காஷ்மீரத்து ஸ்ரீநகரில் இயங்கிய ‘சினார்’ பிரிவையும் மூடிவிட ஒப்புதல் தந்தது.

மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும், நாற்பதாண்டு திரும்பிப் பாராதவர்களும் எச்.எம்.டி. தேடி ஓடினர். கேட்போர் பெருகவே, செய்துதருவோரும் பெருகினர். பழைய பொறி ஒன்று, வேறொன்றின் கூடு, மூன்றாவதன் முட்கள் ஆகியவற்றை ஒன்று சேர்த்து, மூல முகப்பைச் சுரண்டி, தொழிற்சாலை கனவிலும் தீட்டியிராத ஆரஞ்சிலும் பச்சையிலும் வண்ணம் பூசி, ‘அரிய பழைய கடிகாரம்’ என்று விற்கலாயினர். அலட்சியத்தால் அழியாமல் தப்பியவை ஆசையால் அழிந்தன.

பெருநகரச் சந்தை ஒன்றில் ஒரு வியாபாரி இத்தகைய ‘பைலட்’ ஒன்றை நம் கையில் வைத்து, “பாக்ஸ் பீஸ், பாய். ஒருத்தர் கையும் படாதது” என்றார். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தோம். எழுத்துகளின் ஓரம் மை கசிந்து தடித்திருந்தது. நிமிடக் கோடுகள் ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் விலகியும் நின்றன. நொடி முள் தன் வட்டத்தைத் தாண்டி நீண்டிருந்தது. முகப்பு நேற்றுப் பிறந்தது போல் மின்ன, பின்மூடியோ ஆயிரம் கீறலோடு கிடந்தது. முகமும் முதுகும் ஒரே வயதைச் சொல்லவில்லையென்றால் ஐயுற வேண்டும். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே குவித்து வைத்தவரிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட கேள்வியை நம் வாசகர்கள் அறிவர். வண்ணம் பூசுவது குற்றமன்று. பூசியதைச் சொல்லாமல் விற்பதே குற்றம். அவ்வியாபாரியிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே அதை அடுத்தவரிடம் நீட்டினார்.

நம் கடலோர ஊர்களில் இன்னொரு வகைக் கடிகாரமும் உண்டு. இரங்கூனுக்கும் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் சபர் போனவர்கள் கட்டிக்கொண்டு வந்தவை. அவற்றுள் ‘வெஸ்ட் எண்ட்’ கம்பெனியின் ‘சவார் பிரைமா’ நமக்குத் தனிப்பிரியமானது. சவார் என்பது குதிரைவீரனைக் குறிக்கும் பாரசீகச் சொல். நாம் வண்டிக்காரரிடம் பேசும் ‘சவாரி’க்கு நெருங்கிய உறவு. சுவிஸ் நாட்டுப் பொறிக்குக் கீழைநாட்டுப் பெயர் சூட்டி நம்மவர் கையில் கட்டிவிட்ட வணிகத் திறத்தை மெச்சத்தான் வேண்டும். உலகச் சந்தையில் இதற்குப் பெரிய விலையில்லை. ஆதலால்தான் வீட்டார் இதை எளிதில் கைவிடுகின்றனர்.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் அத்தகைய கடிகாரம் ஒன்றை நம்மிடம் கொண்டு வந்தார். இரங்கூனில் கடை வைத்திருந்த பாட்டனாருடையது. ஓடவில்லை. முகப்பில் நான்கு மணியருகே பழுப்புக் கறை ஒன்று பரவியிருந்தது. தம் நிக்காஹ் நாளில் கட்டிக்கொள்ள அதைப் புத்தம் புதிதாக்கித் தரும்படி வேண்டினார். அவரது ஆசையில் பிழை காண இயலாது. ஆயினும் வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு வரும்படி அனுப்பினோம். மறுவாரம் தம் பெரியம்மாவோடு வந்தார். பாட்டனாரின் மூத்த மகள். அம்மூதாட்டி கடிகாரத்தைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “இந்தக் கறையோடதான் எங்க வாப்பா கையில நான் பாத்திருக்கேன். இதை எடுத்துட்டா அப்புறம் இது யாரோட வாட்ச்சு, தம்பி?” என்றார்.

நமக்குத் தெரிந்த முதிய கடிகாரக்காரரிடம் கொடுத்தோம். அவர் பொறியைப் பிரித்துக் கழுவி எண்ணெய் இட்டார். அறுந்திருந்த சுருள்வில்லை மாற்றினார். விரிசல் கண்ட கண்ணாடியை மாற்றி, பழையதைக் காகிதத்தில் மடித்துத் திருப்பித் தந்தார். முகப்பை அவர் தொடவேயில்லை. கூலியாக அவர் கேட்ட தொகை, புதிய தோல்பட்டைக்கு அந்த இளைஞர் கொடுத்ததைவிடக் குறைவு.

நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறதாம். தினமும் சுபுஹுக்குப் பின் பெரியம்மாவே சாவி கொடுத்து நேரம் திருத்தி வைக்கிறாராம்.