வீட்டை நோக்கி விரையும் குதிரை

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "வாப்பா, நுவரெலியாவுக்கு எப்போ போற?" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கொழும்பின் வெயிலிலும் கிழக்கின் புழுக்கத்திலும் வாடிப்போனவர்களுக்கு, 1868 மீற்றர் உயரத்திலே குளிர்ந்து கிடக்கும் அந்த நகரம் அல்லாஹ் நம் நாட்டுக்குத் தந்த அருட்கொடை. கம்பளை தாண்டி, ரம்பொடை நீர்வீழ்ச்சியைக் கடந்து வேன் வளைந்து வளைந்து ஏறும்போதே உம்மாமார் யன்னலைச் சாத்திவிட்டுச் சால்வையைத் தேடுவார்கள்.

நகரத்துக்கு வந்ததும் எல்லோருடைய கால்களும் கிரகரி வாவியை நோக்கித்தான் நடக்கும். ஆளுநர் வில்லியம் கிரகரியின் ஆட்சிக் காலத்தில், 1873இல் உருவான வாவி இது. படகுகள் ஒரு பக்கம், அவித்த சோளம் ஒரு பக்கம். ஆனால் பிள்ளைகளின் கண்கள் போய் நிற்பது சேணம் பூட்டி நிற்கும் குதிரைகளில்தான். நுவரெலியாவுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழையது. இங்குள்ள பந்தயத் திடலின் வரலாறு 1875ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. பந்தயத்தில் பணம் கட்டும் சூதாட்டம் நமக்கு ஆகாது. ஆனால் குதிரை நமக்கு அந்நியமான பிராணி அன்று. அருள்மறையின் 100ஆவது அத்தியாயமான 'அல் ஆதியாத்', மூச்சிரைக்க விரைந்தோடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டுத்தான் ஆரம்பமாகிறது.

பிள்ளையைக் குதிரையில் ஏற்றுவதற்கு முன்னால், சகோதரிகளே, கரையில் ஒரு பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். போகும்போது குதிரை எப்படிப் போகிறது, திரும்பும்போது எப்படி வருகிறது என்று கவனியுங்கள். சில குதிரைகள் போகும்போதும் வரும்போதும் ஒரே நடைதான் நடக்கும். சில குதிரைகளோ போகும்போது அடிமேல் அடி வைத்து, காதைப் பின்னே சாய்த்து, இழுத்தால்தான் வரும். திரும்பியதும் அதே குதிரைக்குப் புது உயிர் வந்துவிடும். தலையை உதறும், கடிவாளத்தைப் பிடுங்கும், நடை ஓட்டமாகும். மேலே உட்கார்ந்திருக்கும் பிள்ளை அழத் தொடங்கும்.

நான் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு நாள், பழுப்பு நிறக் குதிரையொன்று இப்படித்தான் வந்தது. அதைப் பிடித்து வந்த தோட்டத்துப் பெரியவரிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். "அந்தத் திருப்பம் வந்தா இதுக்கு வீட்டு நெனப்பு வந்துரும் அம்மா. கெட்ட குதிரை இல்ல" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. குதிரை கூட்டமாக வாழும் பிராணி. அதை வேட்டையாடும் மிருகங்கள் உண்டு என்பதால், துணைகளோடு நிற்கும்போதுதான் அதன் மனம் அமைதியடையும். லாயத்திலே துணை இருக்கிறது, புல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. அங்கே போனதும் சேணம் இறங்கும். வெளியே போனாலோ சுமையும் வேலையும்தான். இதை நாளுக்குப் பலமுறை செய்து பழக்கினால் குதிரை என்ன பாடம் படிக்கும்? "வெளியே கஷ்டம், வீட்டிலே சுகம், சீக்கிரம் போனால் சுகம் சீக்கிரம் கிடைக்கும்" என்றுதானே? அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் மனிதர்கள். ஆகவே அதை மாற்ற வேண்டியவர்களும் மனிதர்களே.

அடியால் திருந்துமா?

முரண்டு பிடிக்கும் வாகனத்தில் ஏறிய ஒரு பெண்ணின் செய்தி நமது ஹதீஸ்களிலேயே இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் ஒரு தடவை அடங்காத ஒட்டகமொன்றில் ஏறி, அதை அங்குமிங்குமாகத் திருப்பி அலைக்கழித்தபோது, மென்மையைக் கைக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் பதிவான செய்தி இது.

மென்மை என்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது என்று நினைத்துவிடக் கூடாது. பிள்ளையோடு ஓடுகிற குதிரையை அதன்போக்கில் விட முடியுமா? மென்மைக்கும் ஒரு முறை இருக்கிறது; பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. குதிரை பழக்குவதில் அனுபவமுள்ளவர்கள் கையாளும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, குதிரைக்கு எங்காவது வலியிருக்கிறதா என்று பார்ப்பது. சேணத்தின் கீழே புண் இருக்கலாம். முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் மெல்ல அழுத்தும்போது குதிரை நெளிந்தால் அங்கே நோவு இருக்கிறது. கடிவாளம் வாயோரத்தை அறுத்திருக்கலாம். பல் கூராகிக் கன்னத்தின் உட்புறத்தைக் குத்தலாம். குளம்பில் கல் சிக்கியிருக்கலாம். சேணம் இறங்கினால்தான் வலி தீரும் என்று தெரிந்த குதிரை லாயத்துக்கு ஓடாமல் வேறென்ன செய்யும்?

அபூதாவூத் கிரந்தத்தில் வரும் சம்பவம் இங்கே நினைவுக்கு வருகிறது. அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் நின்ற ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டதும் கண்ணீர் வடித்தது. அவர்கள் அதைத் தடவிக்கொடுத்து ஆறுதற்படுத்திவிட்டு, சொந்தக்காரரை அழைத்து, அதைப் பட்டினி போட்டு அளவுக்கு மீறி வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று எச்சரித்தார்கள். வாயில்லாப் பிராணியின் குறும்பு என்று நாம் நினைப்பது பல நேரங்களில் அதன் முறைப்பாடாக இருக்கும்.

வலி இல்லையென்று உறுதியான பிறகு கணக்கை மாற்ற வேண்டும். லாயத்துக்கு வந்த உடனேயே சேணத்தை இறக்கித் தீனி வைப்பதை நிறுத்த வேண்டும். வந்ததும் அருகிலுள்ள வெளியில் இன்னும் கொஞ்ச நேரம் வட்டமாக நடத்தலாம். பிறகு அமைதியாகக் கட்டி நிறுத்தலாம். தண்ணீரும் புல்லும் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஓடி வந்ததற்குக் கிடைத்த பரிசாக அது தோன்றாதபடி சற்றுத் தாமதித்துக் கொடுத்தால் போதும். அதேபோல, வெளியே போன இடத்தில் ஓய்வு கொடுக்க வேண்டும். வயிற்று வாரைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு வாய் புல் மேயவிட்டு, கழுத்தைத் தட்டிக்கொடுத்தால், "வெளியிலும் சுகம் உண்டு" என்று குதிரைக்குப் புரியத் தொடங்கும்.

திரும்பும் வழியில் வேகம் எடுத்தால் இரண்டு வாரையும் சேர்த்து இறுக்கி இழுப்பதுதான் பலரும் செய்வது. இழுக்க இழுக்கக் குதிரையும் எதிர்த்து இழுக்கும். சில குதிரைகள் முன்னங்காலைத் தூக்கிப் பின்னே சரிந்தும் விடும். அதைவிட, ஒரு பக்க வாரை மட்டும் மெல்ல வாங்கி, அகலமான வட்டமாகத் திருப்பி, லாயத்துக்கு எதிர்ப்பக்கம் நடத்த வேண்டும். நடை தணிந்ததும் அந்தக் கணமே வாரைத் தளர்த்தி மறுபடி வீட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் வீடு தூரமாகிறது, அமைதியாக நடந்தால் வீடு நெருங்குகிறது என்று குதிரை தானே கண்டுகொள்ளும். இதைத் தேர்ந்தவர்கள்தான், திறந்த சமதரையில், முதுகில் பிள்ளைகள் யாரும் இல்லாத வேளையில் செய்ய வேண்டும். ஈரமான சரிவிலும் வாகனங்கள் ஓடும் பாதையிலும் செய்வது ஆபத்து.

தூரத்தையும் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். குதிரை பதற்றப்படுவதற்கு முன்னால், இருபது முப்பது அடியிலேயே திருப்பிக்கொண்டு வர வேண்டும். நாளை இன்னும் பத்தடி. நபி (ஸல்) அவர்கள் குதிரை ஓட்டப் போட்டி நடத்தியபோது, பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையும் என்று இரண்டு வேறு எல்லைகளை வகுத்ததாக புகாரியில் வருகிறது. முந்தியது ஐந்து அல்லது ஆறு மைல், பிந்தியது ஒரு மைல் என்று அறிவிப்பாளர் ஒருவர் விளக்குகிறார். பிராணியின் பயிற்சிக்கு ஏற்பத்தான் அதனிடம் வேலை கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா?

போகும் பாதையையும் மாற்றிக்கொண்டே இருப்பது நல்லது. ஒரே இடத்தில் தினமும் திரும்பினால் குதிரை அந்த இடத்தை மனப்பாடம் பண்ணிவிடும். கடைசித் துண்டு வழியில் இறங்கி, வாரைத் தளர்த்தி, கையில் பிடித்து நடத்தி வருவது இன்னும் நல்லது. ஒன்றிரண்டு நாளில் பலன் தெரியாது. பல வாரங்கள் எடுக்கும். அதிலும் குதிரையைக் கையாளும் எல்லோரும் ஒரே ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும். ஒருவர் பத்து நாள் பாடுபட்டுப் படிப்பித்ததை, இன்னொருவர் ஒரு மாலையில் லாயம் வரை ஓடவிட்டுக் கெடுத்துவிடலாம்.

நமக்கும் இதில் பங்குண்டு

"இதெல்லாம் குதிரைக்காரர் வேலை, எங்களுக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கரையில் நின்று "இன்னும் வேகமா ஓட்டுங்க, புள்ள பயப்படமாட்டான்" என்று சொல்பவர்கள் யார்? நாம்தானே! வீட்டுப் பக்கம் ஓடக் கற்றுக்கொடுப்பதில் நமது அந்த ஒரு வார்த்தைக்கும் பங்குண்டு. அடுத்த சுற்றில் அதே குதிரையில் ஏறப்போவது இன்னொரு தாயின் பிள்ளை.

ஆகவே ஏற்றுவதற்கு முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிடிகயிற்றைக் கடைசிவரை கையில் வைத்திருக்கும் குதிரைக்காரரையே தேர்ந்தெடுங்கள். தலைக்கவசம் கேளுங்கள். அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும். கால் முழுவதும் நுழைந்தால் விழும்போது சிக்கிக்கொள்ளும். செருப்பைவிடக் குதியுள்ள சப்பாத்து பாதுகாப்பானது. நீங்கள் ஏறுவதானால் அபாயாவின் தொங்கலையும் சால்வையின் நுனியையும் ஒதுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். காற்றில் படபடக்கும் துணி குதிரையை மிரளச் செய்யும். குதிரையின் பின்னங்கால்களுக்கு அருகே பிள்ளைகளை விடாதீர்கள். திருப்பத்தில் குதிரை முறுக்கினால் "போதும், இறக்கிவிடுங்கள்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். கொடுத்த காசு போனால் போகட்டும்.

முதுகில் புண்ணோடு, நொண்டிக்கொண்டு நிற்கும் குதிரையைக் கண்டால் அதில் ஏறாமல் விடுவதோடு, ஏன் ஏறவில்லை என்பதை அதன் சொந்தக்காரரிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள். நன்றாகப் பராமரிக்கப்பட்ட குதிரையைத் தேடிப்போய் ஏறுங்கள். அந்தக் காசு, நன்றாகப் பராமரித்தவருக்குப் போய்ச் சேரட்டும்.

கூடவே பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். குதிரையை உதைக்காதே, கத்தாதே, இறங்கியதும் அதன் கழுத்தைத் தடவிவிட்டு வா என்று. பெரிய உடம்போடும் பெரிய பலத்தோடும் நின்றுகொண்டு, நம் பிள்ளையை முதுகில் சுமக்கச் சம்மதிக்கிற பிராணி அது. அதற்கும் களைப்புண்டு, வீட்டு நினைவுண்டு என்று சின்ன வயதிலேயே புரிந்துகொள்ளும் பிள்ளை, இன்ஷா அல்லாஹ், நாளைக்குத் தன் பொறுப்பில் வரும் எந்த உயிரையும் வதைக்காது.