கணக்கில் வராத ஆட்கள்

இணையப் பக்கம் செஞ்சு பிழைக்கிற எங்க கூட்டத்துக்குன்னு ஒரு வியாதி உண்டு. ஆபீஸ் வைஃபைல, புது மடிக்கணினில திறந்து பாத்துட்டு "சும்மா பறக்குது"ன்னு சொல்லிக்கிறது. எங்க சித்திகிட்ட சொன்னா சிரிப்பாங்க. மலையடிவாரக் கிராமம், பழைய போன். கேஸ் பதியணும்னா மொட்டைமாடிக்குப் போய் நிக்கணும்.

செல்போன்ல பல நேரம் காலை வாருறது அலைவரிசை இல்லீங்க, போயிட்டு வர்ற நேரம். தளத்தோட முகவரியைத் தேட ஒரு நடை, சர்வரைக் கூப்பிட ஒண்ணு, பூட்டு சாவி பேசிக்க ஒண்ணு, பக்கத்தைக் கேட்டு வாங்க இன்னொண்ணு. ஆக நாலு நடை. கூகுளோட லைட்ஹவுஸ் கருவி, சுமாரான 4ஜி-ன்னு பாவனை பண்றப்ப ஒரு நடைக்கு 150 மில்லிவிநாடி வைக்குது. அப்போ முதல் எழுத்து வர்றதுக்குள்ளயே 600 காலி! சிக்னல் தடுமாறினா இன்னும் இழுக்கும்.

சரி, பாவனை வேண்டாம், நிஜ ஆட்களோட போன்லயே அளப்போம்னா, அங்கேயும் ஒரு சிக்கல். யூடியூப்ல வேலை பார்த்த கிறிஸ் சக்கரையாஸ் 2012-ல எழுதின கதை இது. 1.2 மெகாபைட் இருந்த வீடியோ பக்கத்தை 100 கிலோபைட்டுக்கும் கீழே இளைக்க வெச்சாராம். அளந்து பாத்தா, சராசரி நேரம் கூடியிருக்கு! காரணம் என்னன்னா, தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, சைபீரியான்னு அதுவரைக்கும் எட்டிப் பாக்கவே முடியாத ஜனங்க உள்ள வந்துட்டாங்க. பழைய பக்கம் திறக்க அவங்களுக்கு 20 நிமிஷம், புதுசுக்கு 2 நிமிஷம். அந்த 2 நிமிஷம்தான் சராசரியை ஏத்திவிட்டிருக்கு.

ஆக, பழைய சராசரி அழகா இருந்ததே அவங்க இல்லாததாலதான்.

கூகுள் 2020-ல கொண்டுவந்த அளவுகோல் சராசரியை விட்டுட்டு, 100 பார்வைல 75-க்காவது முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள்ள தெரியணும்னு கேக்குது. தேவலாம். ஆனா மிச்சம் 25-ல எங்க சித்தி இருப்பாங்களே? அந்த 25-லயும் இல்லாம போகலாம். நாம பக்கத்துல வெக்கிற அளக்கிற நிரல் இறங்கி ஓடினாத்தானே கணக்கு. அதுக்குள்ள அலுத்துப்போய் மூடிட்டவங்க எந்த வரைபடத்துலயும் வரமாட்டாங்க.

அதனால நான் இப்பல்லாம் ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்குறேன். சர்வர் பதிவுல பக்கத்தைக் கேட்டவங்க எத்தனை, அளவீடு வந்து சேர்ந்தது எத்தனை. இடைவெளில ரோபோவும் இருக்கும், விளம்பரத் தடுப்பானும் இருக்கும். அதெல்லாம் கழிச்சும் ஒரு கூட்டம் மிஞ்சும் பாருங்க, அவங்க கதவைத் தட்டிட்டுத் திரும்பிப் போனவங்க. வேலையை அங்கேருந்து ஆரம்பிக்கணும்ங்கறது என் கட்சி. நீங்க என்ன சொல்றீங்க?